வீட்டுக்குப் பக்கத்தில் முதல் வேலை: திருவண்ணாமலையின் இளம் மருத்துவர்களும் அவர்கள் குடும்பங்களும்

ஹவுஸ் சர்ஜன் பணி முடிந்து, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவுச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டால், மருத்துவம் படித்த பிள்ளையின் வீட்டில் பேச்சு ஒன்றுதான்: முதல் வேலை எங்கே? "பி.ஜி.க்கு உக்காந்து படிக்கட்டும், வேலைக்கு என்ன அவசரம்?" என்பார் தாய்மாமன். "அஞ்சரை வருஷம் ஹாஸ்டல்ல கெடந்தது போதும். வீட்டுல இருந்து போயிட்டு வர்ற மாதிரி ஒண்ணு பாரும்மா" என்பார் அம்மா. அப்பா அதிகம் பேசமாட்டார். தம்பியின் படிப்புச் செலவும் நிலத்தின் மேல் வாங்கிய கடனும் அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்தப் பேச்சு இப்போது புதிய வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. 2013இல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களோடு இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் நிறைவேறியது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அதன் கீழ் வந்தன. அப்போது சேர்ந்தவர்கள் படிப்பை முடித்து வெளியே வரும் காலம் இது. ஆரணியில் தறி நெய்கிறவர், வந்தவாசியில் கோரைப்பாய் பின்னுகிறவர், செங்கம் பக்கம் மணிலாக்கடலை போடுகிறவர் எனப் பலருடைய வீட்டில் முதன்முறையாக ஒரு டாக்டர். இந்த வீடுகளில் யோசனை கேட்கச் சித்தப்பா டாக்டரோ பெரியப்பா டாக்டரோ இல்லை. எனவே இந்தக் கேள்வியை முழுதாக எடுத்துப் பார்ப்பது அவசியம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் முதல் வேலை பார்ப்பது குறைவான தேர்வு இல்லை. மாவட்டத்துக்கும் அதுவே நல்லது. ஆனால் குடும்பங்கள் தூரத்தை மட்டும் அளக்கின்றன. இக்கட்டான இரவில் கூப்பிட்டுக் கேட்க ஒரு மூத்த மருத்துவர் இருக்கிறாரா என்பதை யாரும் அளப்பதில்லை. முதல் வேலையை நல்லதாக்குவதும் கெடுப்பதும் அதுதான்.

இந்த வட்டாரத்துக்கு மருத்துவர் தட்டுப்பாடு பழைய கதை. 1949 பிப்ரவரியில் இரமண மகரிஷியின் இடது கையில் வந்த சிறு கட்டியை ஆசிரமத்து மருத்துவர்கள் அகற்றினார்கள். அது மீண்டும் வளர்ந்தது. சார்கோமா என்று தெரிந்தது. அந்த ஓர் ஆண்டில் நான்கு முறை அறுவை நடந்தது. சென்னையின் பெரிய அறுவை மருத்துவர்கள் ஆசிரமத்துக்கே வந்தார்கள். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். மகரிஷிக்குச் சென்னை இறங்கி வந்தது. ஊரில் மற்றவர்களுக்கு வியாதி முற்றினால் வேலூருக்கோ புதுச்சேரிக்கோ வண்டி கட்டவேண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அந்தப் பயணம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

அதற்கும் முன்னால், இங்கிருந்து அதிக தூரமில்லாத திண்டிவனத்தில் நடந்ததைப் பலரும் அறிவார்கள். மிஷனரி மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவிக்கு உதவக் கேட்டு அவரிடம் வந்தார்கள். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அழைத்துப்போக மூவரும் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா திரும்பிப்போய் மருத்துவம் படித்து 1900இல் வேலூர் வந்து பெற்றோரின் வீட்டிலேயே சிகிச்சையைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி.யின் தொடக்கம் அது. அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இதில் உண்டு: அவர் வந்த சில மாதங்களிலேயே, உடனிருந்து கற்றுத்தந்திருக்கவேண்டிய தந்தை இறந்துவிட்டார். துணையில்லாமல் தொடங்கும் மருத்துவரின் தவிப்பு என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இனி ஊர்க் கணக்குக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது; 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 24 இலட்சத்து 64 ஆயிரம். சுகாதாரத் துறையே இதைத் திருவண்ணாமலை, செய்யாறு என இரண்டு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்து நடத்துகிறது. "சொந்த மாவட்டத்துலயே போஸ்டிங் கெடைச்சிருக்கு" என்று மகிழ்ந்து ஆணையைப் பிரித்தால் ஊர் வெம்பாக்கமாக இருக்கும். வெம்பாக்கம் காஞ்சிபுரத்துக்குப் பக்கம். திருவண்ணாமலை நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டரை ஒட்டிவிடும். அதைவிடப் பக்கத்து மாவட்டமான விழுப்புரம் அருகில் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் என்றால் போளூர் போய் ஜவ்வாது மலை ஏறவேண்டும். வரைபடத்தில் மாவட்டத்தைப் பார்த்து மகிழாமல், ஊருக்கு எத்தனை மணிக்குக் கடைசிப் பேருந்து, இரவுப் பணி முடிந்து காலையில் எதில் திரும்புவது என்று விசாரிப்பதே பெற்றோர் செய்யவேண்டிய முதல் வேலை.

வாய்ப்புகள் என்னென்ன? அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. 2012இல் அமைந்த இந்த வாரியம் தேர்வு வைத்து உதவி மருத்துவர்களை எடுக்கிறது. 2025 ஜனவரியில் தேர்வு நடந்தது. பிப்ரவரி 26 அன்று 2,642 பேருக்கு முதலமைச்சர் பணி ஆணை வழங்கினார். விண்ணப்பித்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. எம்.பி.பி.எஸ். முடித்தாலே அரசு வேலை என்ற நம்பிக்கையில் இன்னும் இருக்கும் பெற்றோர் இதை மனதில் கொள்ளவேண்டும். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, 1,450 இடங்களோடு. அங்கே படிப்பவர்களும் சீக்கிரம் இதே வரிசைக்கு வந்து சேர்வார்கள்.

தேர்ச்சி பெற்றால் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. முதல் தலைமுறை வீட்டுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் ஆண்டுகள் போகப்போக ஊதிய உயர்வும் பதவி உயர்வும் நகர்வதில்லை என்பதே அரசு மருத்துவர்களின் நெடுநாள் குறை. இதற்கு வழி சொன்ன 2009ஆம் ஆண்டின் அரசாணை 354ஐ முழுமையாக நடைமுறைப்படுத்தக் கேட்டு 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் வரை போனார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் போய் அமர்வது ஆரம்ப சுகாதார நிலையத்தில். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. வட்டாரத்துக்கு ஒன்று 30 படுக்கையோடு தரம் உயர்த்தப்பட்டிருக்கும். காலையில் புறநோயாளிகள், கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள். மதியம் வரை கூட்டம் நெரியும். பகலில் பயமில்லை.

பயம் இரவில் வரும். மணிலாக் கொல்லையில் தண்ணீர் கட்டப்போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று இரு சக்கர வண்டியின் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருகிறார்கள். என்ன பாம்பு என்று பார்த்தவர் இல்லை. கண்ணாடி விரியனாக இருந்தால் இரத்தம் உறையாது. கட்டுவிரியனாக இருந்தால் இமை தொங்கத் தொடங்கி மூச்சு நிற்கும் வரை போகும். மருத்துவர் செய்யவேண்டியது எளிய பரிசோதனைதான். காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கவேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கவேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்தை ஏற்றவேண்டும். மருந்து அலமாரியில் இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் விஷத்திலிருந்து தயாராகும் மருந்து அது. ஆனால் அதே மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றவேண்டும். அந்த 20 நிமிடமும் வாசலில் உறவினர்கள் இருபது பேர் நிற்பார்கள். "இங்க என்னத்த பாக்கறீங்க, பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க" என்று ஒருவர் சத்தம் போடுவார். புதிய மருத்துவர் பயந்துபோய் மருந்து ஏற்றாமலே 108இல் ஏற்றி அனுப்பிவிட்டால் வழியில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. விஷத்துக்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

அதே அறையில் அந்த மருத்துவருக்கு ஒரு தொலைபேசி எண் இருந்து, மறுமுனையில் "பயப்படாதம்மா, அட்ரினலின் எடுத்து வெச்சுக்கோ, மருந்த ஆரம்பி, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் நோயாளியும் பிழைப்பார், மருத்துவரும் பிழைப்பார். பாம்புக்கடியை 2024 நவம்பரில் தமிழக அரசு கட்டாயம் தெரிவிக்கவேண்டிய ஒன்றாக அறிவித்தது நல்ல செயல். எத்தனை பேர் எங்கே கடிபடுகிறார்கள் என்ற கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கோடு, புதிதாகச் சேர்ந்தவருக்கு இரவில் யார் பொறுப்பு என்ற பட்டியலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் சுவரில் ஒட்டப்படவேண்டும்.

"கிராமத்துல என்ன கத்துக்குவா?" என்று தாய்மாமன் கேட்பதற்கும் பதில் உண்டு. மராட்டியத்தில் ராய்கட் மாவட்டத்து பிர்வாடி என்ற சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976இல் வேலைக்குச் சேர்ந்தார் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். தேள் கொட்டி வந்தவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், நுரையீரலில் நீர் கோத்து அவர் கண்முன்னே இறந்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் இரவெல்லாம் அமர்ந்து குறிப்பெடுத்தார். இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்பட்ட பிரசோசின் மாத்திரை தேள் விஷத்துக்குப் பயன்படும் என்று கண்டு 1980களில் லான்செட் இதழில் எழுதினார். சாவு மிகப்பெரிய அளவில் குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தேளும் பாம்பும் அரளி விதையும் பூச்சிமருந்தும் நம் மாவட்டத்திலும் அன்றாடம் வருகிறவைதான். கண் திறந்திருந்தால் கற்க இங்கே குறைவில்லை.

திருவண்ணாமலை நகரத்துக்கென்று தனியான ஒரு பாடமும் உண்டு. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம், கார்த்திகை தீபத்துக்கு இலட்சக்கணக்கில் கூட்டம். அன்று பாதையெங்கும் மருத்துவ முகாம்கள். வெறுங்காலில் நடந்து கொப்புளம் வெடித்தவர், சர்க்கரை மாத்திரையை ஊரிலேயே விட்டுவந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர் எனத் தொடங்கி, பேசும் மொழி புரியாத வெளி மாநிலத்தவர் வரை வருவார்கள். உறவினர் பெயரோ முகவரியோ சொல்லத் தெரியாத முதிய சாதுக்கள் வருவார்கள். 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரு வீட்டில் ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள், புதைந்துபோனார்கள். அப்படிப்பட்ட நாளில் கைகொடுப்பவர்கள் உள்ளூரில் வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும்தான்.

அடுத்தது பி.ஜி. கணக்கு. பெரும்பாலான வீடுகளில் சண்டையே இதில்தான் வருகிறது. வேலைக்குப் போனால் பி.ஜி. போய்விடும் என்று ஒரு பக்கம். கோச்சிங்குக்குப் பணம் கட்டி இரண்டு மூன்று ஆண்டு வீட்டில் உட்காரவைக்க முடியாது என்று இன்னொரு பக்கம். இதில் ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்கவேண்டும் என்பதில்லை. மாநிலப் பட்ட மேற்படிப்பு இடங்களில் பாதியைத் தமிழகம் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்குகிறது. அந்த உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது; வழக்குப் போட்டதே தமிழ்நாட்டு மருத்துவ அதிகாரிகள் சங்கம்தான். இதைத் தவிர, தொலைவான, கடினமான இடங்களில் பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நீட் மதிப்பெண்ணில் 10 விழுக்காடு வரை, மூன்று ஆண்டுக்கு 30 விழுக்காடு வரை கூடுதல் மதிப்பெண் தரவும் விதி இடம் தருகிறது.

இங்கே குடும்பம் கவனிக்கவேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கூடுதல் மதிப்பெண் கிடைப்பது மலைக்கும் எளிதில் போக முடியாத ஊர்களுக்கும். நகரத்துக்குள்ளேயே, வீட்டுச் சாப்பாட்டோடு பார்க்கும் வேலைக்கு அது வராது. தினமும் வீடு திரும்ப முடியாத, ஆனால் வார விடுமுறைக்கு வந்துவிடக்கூடிய ஜவ்வாது மலை போன்ற இடம்தான் திருவண்ணாமலைப் பிள்ளைக்குப் பல வகையில் இலாபம். மலைவாழ் மக்களின் பேச்சுவழக்கும் சந்தை நாளும் சாமை அறுவடைக் காலமும் ஓரளவாவது பரிச்சயமாக இருக்கும். வெளியூர் மருத்துவர் ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வதை இவர் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வார். சிறப்புப் பயிற்சி பெற்றுப் பின்னாளில் மாவட்டத்துக்கே திரும்பவும் அது வழி.

எம்.ஆர்.பி. அறிவிப்பு வரும்வரை காத்திருப்பவர்களுக்குத் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணிகள் இருக்கின்றன. மாநிலம் முழுதும் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, அதில் 500 மையங்கள் 2023 ஜூனில் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மருத்துவ அலுவலருக்கு மாதம் 60,000 ரூபாய் தொகுப்பூதியம். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் ஓர் ஆண்டுக்கு மோசமில்லை. ஆனால் இரவுப் பணியோ, பிரசவமோ, உள்நோயாளியோ கிடையாது, கை பழகாது. அந்தப் பணிக்காலம் எதற்கெல்லாம் கணக்கில் வரும் என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேர்வது மூன்றாவது வழி. இதில் இடத்துக்கு இடம் வேறுபாடு மிக அதிகம். உரிமையாளரான மூத்த மருத்துவர் தானே காலையில் நோயாளிகளை ஒவ்வொருவராகக் காட்டிச் சொல்லித்தரும் மருத்துவமனைகள் மாவட்டத் தலைநகரங்களில் உண்டு. அப்படி ஒன்றில் ஓர் ஆண்டு இருந்தவர் எங்கு போனாலும் தலைநிமிர்ந்து நிற்பார். 24 மணி நேரம் நிற்கவைத்து, கேஸ் ஷீட் எழுதவும் தொலைபேசியில் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் மட்டும் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்பவர்களும் உண்டு. எந்தக் காரணம் சொன்னாலும் தரக்கூடாது. சேரும் முன் அங்கே இப்போது வேலை பார்க்கும் இளைஞரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

சொந்த ஊரில் உடனே கிளினிக் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஊரில் ஏற்கெனவே படிக்காமல் ஊசி போடுகிற ஒருவர் இருப்பார். காய்ச்சல் என்றால் ஊசி, உடம்பு வலி என்றால் குளுக்கோஸ் என்று மக்களைப் பழக்கியிருப்பார். "இதுக்கு ஊசி வேணாம் பாட்டி" என்று சொல்லும் இளம் மருத்துவரிடம் இரண்டாம் முறை பாட்டி வரமாட்டார். கூட்டத்தைப் பிடிப்பதற்காக இவரும் ஊசி போடத் தொடங்கினால் ஐந்தரை ஆண்டுப் படிப்பு வீணாகும். அனுபவமும் உறுதியும் வந்த பிறகு போடட்டும். அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளிகளைப் பார்க்கத் தமிழகத்தில் தடையில்லை. அதற்குக் காலம் இருக்கிறது.

மகள் என்றால் குடும்பத்தின் கவலை வேறு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு எந்த அம்மாவுக்கும் தூக்கம் வரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் அரசு மருத்துவமனைக்குள்ளேயே புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணி நேரத்தில் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழகத்தில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சட்டம் இருப்பது வேறு, இரவு இரண்டு மணிக்கு வாசலில் ஆள் இருப்பது வேறு. அம்மாக்கள் "பக்கத்துல" என்று கேட்பதை வெறும் பாசம் என்று ஒதுக்கக்கூடாது. அதில் இந்தப் பயமும் சேர்ந்திருக்கிறது. அப்பாவோ அண்ணனோ ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரட்டும். டியூட்டி அறைக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிவறை அறையோடு சேர்ந்திருக்கிறதா அல்லது இருட்டில் கொல்லைப்புறம் நடக்கவேண்டுமா, இரவுக் காவலர் பெயரளவுக்கா உண்மையிலா, குவார்ட்டர்ஸில் ஆள் குடியிருக்கிறார்களா, பூட்டிக்கிடக்கிறதா. இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கிற குடும்பங்கள் கூடக்கூடத்தான் தாழ்ப்பாளும் வரும்.

பக்கத்தில் இருப்பதன் இடைஞ்சல்களையும் மறைக்கக்கூடாது. சொந்தக் கிராமத்திலேயே பணி கிடைத்தவருக்கு வேலை நேரம் என்று ஒன்று இருக்காது. இரவு சாப்பாட்டில் கை வைத்ததும் "நம்ம பொண்ணுதானே" என்று பிரஷர் பார்க்க வந்து நிற்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது அடிதடி வழக்கு. காயத்தோடு வருகிறவரை விபத்துப் பதிவேட்டில் எழுதவேண்டும், அந்த ஏ.ஆர். நகலை வைத்துத்தான் காவல் நிலையத்தில் பிரிவு போடுவார்கள். சின்னக் கீறலைக் கொடுங்காயம் என்று எழுதச் சொல்லி ஒரு தரப்பும், எலும்பு முறிவை வெறும் வீக்கம் என்று எழுதச் சொல்லி மறு தரப்பும் வரும். வருகிறவர் சொந்தப் பெரியப்பாவாக இருப்பார், அல்லது அப்பாவுக்குக் கடன் கொடுத்தவராக இருப்பார். இரண்டு தெருக்களுக்கு இடையே சாதிச் சண்டை என்றால் மருத்துவர் எந்தத் தெருப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூர் மருத்துவர் "எனக்கு யாரையும் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கலாம். உள்ளூர்ப் பிள்ளையால் முடியாது. அதனால்தான் சொந்த மாவட்டம் சரி, சொந்த ஊர் வேண்டாம் என்கிறேன். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வரும் அடுத்த வட்டம்தான் பொருத்தம். போளூர்ப் பிள்ளை கலசபாக்கத்தில், செங்கம் பிள்ளை தண்டராம்பட்டில்.

சொந்த வட்டாரத்தவர்தான் நிலைத்து நிற்பார் என்பது உலகம் கண்டறிந்த உண்மை. கிராமப்புறங்களில் மருத்துவப் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைகளை வெளியிட்டது, 2021இல் புதுப்பித்தது. கிராமத்துப் பின்னணி உள்ள மாணவர்களை மருத்துவத்தில் சேர்ப்பது அவற்றில் முக்கியமானது. ஜப்பான் இதை 1972லேயே தொடங்கிவிட்டது. ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் என்று ஒன்றை நிறுவி, ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் படிக்கவைத்தது. படித்து முடித்தவர் தன் சொந்த மாகாணத்தில் ஒன்பது ஆண்டுகள் பணி செய்தால் கட்டணம் திருப்பித்தர வேண்டியதில்லை. தாய்லாந்து 1994இல் கிராமப்புற மாணவர்களைத் தேர்ந்து, அவர்கள் பகுதி மருத்துவமனையிலேயே பயிற்றுவித்து, அங்கேயே பணியமர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நம் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இந்தப் பாதையின் முதல் பாதி. அரசுப் பள்ளிப் பிள்ளையை மருத்துவர் ஆக்கிவிட்டோம். அவரை அவருடைய வட்டாரத்தில் அமர்த்தும் மறுபாதியை விட்டுவிட்டோம்.

பிறந்த மண்ணில்தான் மருத்துவர் நிலைப்பார் என்றும் சொல்லிவிட முடியாது. நமக்கு அண்டையில், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு 1993இல் வந்தார்கள் கேரளத்தைச் சேர்ந்த ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர். காந்திகிராமத்தில் வேலை பார்த்துப் பழகியவர்கள். வந்தபோது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. குடிசையில் தொடங்கிய அவர்களுடைய மருத்துவமனை இன்று அந்த மலைப்பகுதிக்கே ஆதாரம். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்துவிட்டது. அவர்கள் வெற்றியில் இரண்டு செய்திகளைப் பார்க்கிறேன். ஒன்று, அவர்கள் இருவராக வந்தார்கள். ஒருவர் மயக்க மருந்து கொடுத்தால் மற்றவர் அறுவை செய்யலாம், ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்கலாம். மற்றது, மருத்துவமனையை நிறுத்தி வைத்திருப்பவர்கள் அந்த மலைக் கிராமங்களிலிருந்தே எடுத்துப் பயிற்றுவித்த செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும். அந்தப் பெண்களுக்கு அது வீட்டுக்குப் பக்கத்து வேலை.

திருவண்ணாமலைக் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்க்க விரும்பினால் அரைமனதாகச் சம்மதிக்காதீர்கள், முழுமனதாக அனுப்புங்கள். "சென்னையில கெடைக்கலியா?" என்று கேட்கும் உறவினருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். ஊருக்குப் பத்து கிலோமீட்டர் முன்னே பின்னே ஆனாலும் இரண்டு மருத்துவர்கள் உள்ள நிலையத்தை, மூத்தவர் ஒருவர் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சை ஒரு இரண்டு ஆண்டு தள்ளிவையுங்கள். முதல் பிரசவமும் முதல் பாம்புக்கடியும் முதல் மரணமும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் வரும். அப்போது வீட்டில் நிம்மதி வேண்டும்.

அரசுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். எம்.ஆர்.பி. தேர்வில் வென்றவர்களுக்கு அடுத்த முறை கலந்தாய்வு நடக்கும்போது சொந்த மாவட்டத்தைக் கேட்பவர்களுக்கு, அதிலும் மலை வட்டாரத்தைக் கேட்பவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். முதல் ஓர் ஆண்டுக்கு எந்தப் புதிய மருத்துவரையும் தனி மருத்துவராக எந்த நிலையத்திலும் இரவில் விடாதீர்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியின் மூத்த மருத்துவர்களில் ஒருவரை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தொலைபேசித் துணையாக நியமியுங்கள். இவற்றுக்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.